அம்பயர் இல்லாத மைதானத்தில் விதி

திண்டுக்கல் நகரிலும் நத்தம், வேடசந்தூர், வடமதுரை, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களிலும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடும் அணிகளின் கேப்டன்களுக்கும் போட்டி நடத்தும் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்.

விதிப்படி எதிரணியை மடக்குவது ஒன்று. விதியின் ஓட்டையில் புகுந்து ஜெயிப்பது இன்னொன்று. யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் விதியை மீறுவது மூன்றாவது. ஊர் மைதானச் சண்டைகளில் இவை மூன்றும் ஒன்றாகவே திட்டப்படுகின்றன. அதனால் குற்றமே செய்யாத பந்துவீச்சாளர் ஏச்சு வாங்குகிறார். மட்டையில் பந்து உரசியதை மறைத்தவர் அடுத்த ஓவரில் சிக்ஸர் அடித்துக் கைதட்டல் வாங்குகிறார். மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் எதைத் தடுக்க வேண்டும், எதைத் தடுக்கத் தேவையில்லை என்பது தெரியும்.

முதல் வகைக்கு உதாரணம் தேடித் திண்டுக்கல்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டி.என்.பி.எல்.) திண்டுக்கல் டிராகன்ஸ் அணியின் கேப்டனாக நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் ஆடிய ரவிச்சந்திரன் அஸ்வின்தான் உலகக் கிரிக்கெட்டில் இந்த விவாதத்தின் நடுவில் நிற்கும் பெயர். 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில் ராஜஸ்தான் ராயல்ஸ் 185 ரன் இலக்கைத் துரத்திக்கொண்டிருந்தது. ஒரே விக்கெட்டை இழந்து 108 ரன் எடுத்திருந்தது. 43 பந்தில் 69 ரன் எடுத்திருந்த ஜாஸ் பட்லர் ரன்னர் முனையில் நின்றார். கிங்ஸ் லெவன் பஞ்சாப் அணியின் கேப்டனாக இருந்த அஸ்வின் பந்து வீச ஓடி வந்தவர், வீசாமல் நின்று, பட்லர் கோட்டுக்கு வெளியே வந்ததும் பெயில்ஸைத் தட்டிவிட்டார். மூன்றாவது அம்பயர் அவுட் கொடுத்தார். ராஜஸ்தான் 14 ரன்னில் தோற்றது. அதன்பின் பல நாட்கள், பல நாடுகளில், அஸ்வின் ஏமாற்றுக்காரரா இல்லையா என்ற வாதம் ஓடியது.

அந்த வாதத்துக்கு அப்போதே எழுபது வயதுக்கு மேல். 1947 டிசம்பர் 13 அன்று சிட்னி டெஸ்டில் வினூ மன்கட், ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இதே முறையில் ரன் அவுட் செய்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டமொன்றிலும் பிரவுன் அதே தவறைச் செய்திருந்தார். அப்போது மன்கட் முதலில் எச்சரித்துவிட்டு, மறுபடி நடந்தபோதுதான் அவுட் செய்தார். ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் சில மன்கட்டைச் சாடின. ஆனால் எதிரணிக் கேப்டனான டான் பிராட்மன், மன்கட் செய்ததில் தவறில்லை என்று தன் சுயசரிதையில் எழுதினார். கோட்டைத் தாண்டியவர் பிரவுன். அந்தச் செயலுக்கு ஒட்டிக்கொண்ட பெயரோ மன்கட்டுடையது. ஓர் இந்திய வீரரின் பெயரை இழிசொல்லாக்கிவிட்டார்கள் என்று சுனில் கவாஸ்கர் பலமுறை கண்டித்திருப்பது நியாயமே.

ரன்னர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தால் விவாதம் பாதி தீர்ந்துவிடும். ஆடுகளத்தின் நீளம் 22 கஜம், அதாவது 20 மீட்டருக்குச் சற்று மேல். பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே ரன்னர் ஒரு மீட்டர் முன்னேறிவிட்டால், ஓடவேண்டிய தூரத்தில் ஒரு பங்கை அவர் இலவசமாக எடுத்துக்கொள்கிறார். கடைசி ஓவரில் ஒரு ரன் இரண்டு ரன் ஆவதும், ரன் அவுட் ஆகவேண்டியவர் தப்பிப்பதும் இந்த ஒரு மீட்டரில்தான். ஆக, ஆதாயம் தேடுகிறவர் ரன்னர். அதை முறிப்பவர் பந்துவீச்சாளர். முறிப்பவரைக் குற்றவாளி ஆக்குவது தலைகீழ்.

சட்டமும் மெல்ல மெல்ல இந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. கிரிக்கெட் சட்டங்களை எழுதும் மேரில்போன் கிரிக்கெட் கிளப், அதாவது எம்.சி.சி., 2000ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் ஆட்ட உணர்வு பற்றி ஒரு முன்னுரையைச் சேர்த்தது. காலின் கவுட்ரியும் டெட் டெக்ஸ்டரும் அதற்கு முன்முயற்சி எடுத்தவர்கள். ரன்னரை அவுட் செய்யும் விதி நெடுங்காலம் நியாயமற்ற ஆட்டம் பற்றிய சட்டத்துக்குள் கிடந்தது. நியாயமற்றது ரன்னரின் நகர்வு என்பதே அதன் பொருள். ஆனால் படிக்காதவர்கள் பந்துவீச்சாளரின் செயல்தான் நியாயமற்றது என்று நினைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது. 2022 அக்டோபர் 1 முதல் அந்த விதி 38ஆவது சட்டத்துக்கு, அதாவது சாதாரண ரன் அவுட்டுக்கான இடத்துக்கு மாற்றப்பட்டது. அதற்குச் சில நாட்கள் முன்புதான், செப்டம்பர் 24 அன்று, லார்ட்ஸ் மைதானத்தில் தீப்தி சர்மா இங்கிலாந்தின் கடைசி விக்கெட்டான சார்லி டீனை அப்படி அவுட் செய்து, இந்தியா 16 ரன்னில் வென்றிருந்தது. ஜூலன் கோஸ்வாமியின் கடைசி ஆட்டம் அது. இங்கிலாந்தில் எழுந்த கூச்சல் பெரிது. எழுதியிருந்த விதியோ தீப்தியின் பக்கம்.

இருந்தாலும் 2019 ஜெய்ப்பூர் நிகழ்வில் ஒரு நியாயமான கேள்வி மிச்சம் இருந்ததை மறைக்கக் கூடாது. பந்து கையை விட்டுப் போயிருக்கவேண்டிய கணத்தில் பட்லர் கோட்டுக்குள்தான் இருந்தார், அஸ்வின் நின்று காத்திருந்ததால்தான் வெளியே வந்தார் என்பது எதிர்த்தரப்பின் வாதம். எம்.சி.சி.யே முதலில் சட்டப்படி சரி என்று சொல்லிவிட்டு, பிறகு அந்த இடைநிறுத்தம் நீளமானது, ஆட்ட உணர்வுக்கு ஒத்துவராது என்றது. ரன்னர் முந்தி ஓடுவதைத் தண்டிப்பது விதியின் நோக்கம். அவரை முந்தி ஓட வைப்பது நோக்கமல்ல. 2023 ஜனவரியில், ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ் போட்டியில் ஆடம் ஸாம்பாவின் முயற்சி செல்லாது என்று அறிவிக்கப்பட்டதை ஒட்டி, எம்.சி.சி. விதியின் வாசகத்தைத் தெளிவாக்கியது: வீசும் கை உச்சிக்கு வந்துவிட்டால் அதன்பிறகு ரன்னரை அவுட் செய்ய முடியாது. இந்த ஒரு வரி ஊர் மைதானத்திலும் அப்படியே பொருந்தும். கை மேலே போகும் முன் ஸ்டம்பைத் தட்டினால் அவுட். வீசுவதுபோல் கையைச் சுற்றிவிட்டுத் திரும்பித் தட்டினால் இல்லை.

அஸ்வின் இந்த விதியை ஒரு நாள் கோபத்தில் எடுத்தவரல்ல. 2012 பிப்ரவரியில் பிரிஸ்பேனில் இலங்கையின் லஹிரு திரிமன்னேவை அவர் இப்படி அவுட் செய்தார். பொறுப்புக் கேப்டன் சேவாக், சச்சினிடம் பேசிவிட்டு முறையீட்டைத் திரும்பப் பெற்றார். 2020இல் துபாயில் ஆரோன் ஃபிஞ்சை எச்சரித்ததோடு விட்டார். 2024 டி.என்.பி.எல். தொடரில் அவரே ரன்னர் முனையில் முந்தி நகர்ந்தபோது நெல்லை ராயல் கிங்ஸ் பந்துவீச்சாளர் ஓட்டத்தை நிறுத்தி எச்சரித்தார். எந்தப் பக்கம் நின்றாலும் விதி ஒன்றுதான்.

விதிப்புத்தகத்தை ஊன்றிப் படித்தவர் என்பதற்கு அவரிடம் வேறு சான்றுகளும் உண்டு. 2022 ஏப்ரலில் வான்கடே மைதானத்தில், 23 பந்தில் 28 ரன் எடுத்திருந்த நிலையில், அடுத்து வருபவர் வேகமாக அடிப்பார் என்று கருதித் தானாகவே ரிட்டயர்டு அவுட் ஆகி வெளியேறினார். ஐ.பி.எல்.லில் உத்திக்காக அப்படி வெளியேறிய முதல் ஆட்டக்காரர் அவர்தான். 2023 ஜூனில் கோவையில் திருச்சி அணிக்கு எதிராக, எதிரணி கேட்ட ரிவியூவில் மூன்றாவது அம்பயர் தீர்ப்பை மாற்றியதும், அந்தத் தீர்ப்பின் மீதே திண்டுக்கல் கேப்டனாக அஸ்வின் ரிவியூ கேட்டார். தீர்ப்பு மாறவில்லை; ஆனால் கேட்க விதியில் இடம் இருந்தது, கேட்டார். இவற்றில் யாரும் ஏமாற்றப்படவில்லை. எல்லாம் கண்ணெதிரே, எல்லோருக்கும் திறந்திருக்கும் வழியில் நடந்தவை. விதியைப் படித்தவர் படிக்காதவரைவிட ஒரு படி முன்னே நிற்பது குறையில்லை, அதுவும் பயிற்சிதான்.

இரண்டாவது வகை இதிலிருந்து அடியோடு வேறுபட்டது. 1979 மே மாதம் இங்கிலாந்தின் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பையில், முழு ஆட்டமும் ஆடித் தோற்றால் காலிறுதி வாய்ப்புப் போய்விடலாம் என்று கணக்குப் போட்ட சோமர்செட் கேப்டன் பிரையன் ரோஸ், ஒரே ஓவர் ஆடி, ஒரு ரன் எடுத்ததும் டிக்ளேர் செய்தார். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. சோமர்செட் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டது. 1981 பிப்ரவரி 1 அன்று மெல்போர்னில் நியூசிலாந்துக்குச் சமன் செய்யக் கடைசிப் பந்தில் ஆறு ரன் தேவைப்பட்டது. ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக் சேப்பல் சொன்னபடி அவர் தம்பி டிரெவர், பந்தைத் தரையோடு உருட்டிவிட்டார். அன்றைய போட்டி விதியில் அதற்கும் தடையில்லை. பிறகுதான் தடை வந்தது. 2010 ஆகஸ்ட் 16 அன்று தம்புள்ளையில் இந்தியா வெல்ல ஒரு ரன் வேண்டும். சேவாக் 99இல் நிற்கிறார். இலங்கையின் சூரஜ் ரன்திவ் வேண்டுமென்றே பெரிய நோ பால் போட்டார். சேவாக் அடித்த சிக்ஸர் கணக்கில் வரவில்லை. நோ பாலிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. இலங்கை வாரியம் ரன்திவுக்கு ஓர் ஆட்டத் தடையும், அதற்குத் தூண்டிய தில்ஷானுக்கு அபராதமும் விதித்தது. தன் நாட்டு வீரர்களைத் தன் வாரியமே தண்டித்தது அன்று பலரின் மனத்தை ஆற்றியது.

கோல்ஃபில் இதற்கு இணையான நிகழ்வு 2018 யு.எஸ். ஓபனில் நடந்தது. ஷின்னகாக் ஹில்ஸ் மைதானத்தின் 13ஆவது குழியில் ஃபில் மிக்கெல்சன் அடித்த பந்து குழியைத் தாண்டிச் சரிவில் உருண்டு போய்க்கொண்டே இருந்தது. நிற்கும் வரை காத்திருந்தால் பந்து பச்சைத் தரையை விட்டே வெளியேறிவிடும். அவர் ஓடிப்போய், உருண்டுகொண்டிருந்த பந்தையே திருப்பி அடித்தார். ஓடும் பந்தை அடித்தால் தண்டனையாக இரண்டு அடி (ஸ்ட்ரோக்) கணக்கில் கூடும். அது தெரிந்தே, அந்த இரண்டு அடி கீழே போய் மறுபடி அடித்து ஏறுவதைவிட மலிவு என்று கணக்குப் போட்டே அடித்ததாக அவர் பின்னர் சொன்னார். அந்தக் குழியில் அவர் எடுத்தது 10 அடி. போட்டியிலிருந்து அவரை நீக்கியிருக்க வேண்டும் என்று பலர் வாதிட்டார்கள்; நடுவர்கள் இரண்டு அடி தண்டனையோடு விட்டார்கள். சில நாட்களில் அவரே வருத்தம் தெரிவித்தார். தண்டனையை ஒரு விலையாகக் கருதி, கொடுத்துவிட்டு மீறுவதுதான் இங்கே சிக்கல்.

அஸ்வின் செய்ததையும் சேப்பல் செய்ததையும் பிரிக்கும் கோடு எது? விதிக்குள் நின்றதில் இருவரும் ஒன்று. ஜெயிக்க விரும்பியதிலும் ஒன்று. எதிரணி கொதித்ததிலும் ஒன்று. ஒரு கேள்வி இவற்றைப் பிரித்துவிடும்: எல்லோரும், எல்லா ஆட்டத்திலும், இதையே செய்தால் ஆட்டம் என்ன ஆகும்? எல்லாப் பந்துவீச்சாளர்களும் முந்தும் ரன்னரை அவுட் செய்யத் தொடங்கினால், ரன்னர்கள் கோட்டுக்குள் நிற்கப் பழகுவார்கள். கிரிக்கெட் முன்னைவிட நேராக நடக்கும். எல்லோரும் கடைசிப் பந்தை உருட்டினால், கடைசி ஓவர் என்ற ஒன்றே இருக்காது. எல்லோரும் ஒரு ரன்னில் டிக்ளேர் செய்தால் காசு கொடுத்து வந்தவர்கள் பார்க்க ஆட்டம் இருக்காது. முதலாவது ஆட்டத்தைக் காப்பாற்றுகிறது. மற்றவை ஆட்டத்தைத் தின்றுவிடுகின்றன.

இந்தக் கேள்விக்கு எளிதில் அடங்காத நிகழ்வுகளும் உண்டு. 2023 நவம்பர் 6 அன்று டில்லியில் நடந்த உலகக்கோப்பை ஆட்டத்தில் இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ், ஹெல்மெட் பட்டை அறுந்ததால் பந்தை எதிர்கொள்ளத் தாமதமாகி, வங்கதேசக் கேப்டன் ஷகிப் அல் ஹசனின் முறையீட்டில் டைம்டு அவுட் ஆனார். சர்வதேசக் கிரிக்கெட்டில் அப்படி அவுட் ஆன முதல் ஆட்டக்காரர் அவர். நேரம் கடத்துவதைத் தடுப்பது அந்த விதியின் நோக்கம். பட்டை அறுவதற்கு முன்பே இரண்டு நிமிடம் ஆகிவிட்டதா இல்லையா என்பதில் நடுவர் தரப்பும் மேத்யூஸும் எதிரெதிராகப் பேசினார்கள். ஷகிபின் முறையீடு விதிக்கு மாறானதல்ல. ஆனால் புது ஹெல்மெட்டுக்காகக் காத்திருந்தவர் நேரம் கடத்தியவர் அல்ல என்று தோன்றுமானால், முறையீட்டைத் திரும்பப் பெற்றிருக்கலாம் என்ற எண்ணமும் தவறல்ல.

ஊர்ப் போட்டிகளில் இந்த இரண்டாவது வகைக்குப் பஞ்சமே இல்லை. பொங்கல் நாட்களில் ஒரே நாளில் பல ஆட்டங்களை முடிக்கவேண்டிய போட்டியில், முன்னிலையில் இருக்கும் அணி ஒவ்வொரு பந்துக்கும் ஃபீல்டிங்கை மாற்றி மாற்றி நிறுத்தும், ஷூ லேஸ் அவிழும், தண்ணீர் கேட்கும். ஆறு மணி தாண்டினால் பந்து தெரியாது, ஆட்டம் நின்றால் ஜெயம் தங்களுக்கு என்பது கணக்கு. கருவேலம் புதருக்குள் போன பந்தைத் தேடுகிறவர்கள், தேவைக்கேற்ப வேகமாகவோ மெதுவாகவோ தேடுவார்கள். உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் என்று அறிவித்த போட்டியில், வெளியூர்க்காரர் ஒருவர் மாமா வீட்டு முகவரியோடு இறங்குவார். இவற்றில் பலவற்றைத் தடுக்கும் வரி நோட்டீஸில் இருப்பதில்லை. எல்லா அணிகளும் இதையே செய்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை இங்கே கேட்டால் விடை உடனே வரும். போட்டி முடியாது, அடுத்த ஆண்டு நுழைவுக் கட்டணம் கட்ட அணிகள் வராது.

மூன்றாவது வகைதான் டென்னிஸ் பந்து மைதானத்துக்கு மிக நெருக்கமானது. இதற்குப் பாடம் தொலைக்காட்சிக் கிரிக்கெட்டில் கிடைக்காது, கோல்ஃபில் கிடைக்கும். சமவெளியில் இருப்பவர்களுக்குக் கோல்ஃப் தூரத்து ஆட்டமாகத் தோன்றலாம். ஆனால் இதே மாவட்டத்தின் மலை மேல் கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895 முதல் இருந்து வருகிறது.

கோல்ஃபில் ஆட்டக்காரரோடு நடந்துவரும் அம்பயர் பெரும்பாலும் கிடையாது. 18 குழிகளும் பல ஏக்கர் பரப்பில், மரமும் புதரும் நீரும் மணலும் நடுவே விரிந்து கிடக்கின்றன. ஒருவர் பந்து புல்லுக்குள் கிடக்கும்போது மற்றவர் நூறு கஜம் தள்ளித் தன் பந்தைத் தேடிக்கொண்டிருப்பார். யார் எத்தனை அடித்தார் என்பதை உடன் ஆடுபவர் எழுதிக்கொள்வார். ஆட்டக்காரர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். எழுதியதைவிட உண்மையில் கூடுதலாக அடித்திருந்தால் போட்டியிலிருந்தே நீக்கம். 1744இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் எழுதப்பட்ட முதல் தொகுப்பில் விதிகள் 13தான். 2019இல் திருத்தி அமைக்கப்பட்ட தொகுப்பில் 24. எண்ணிக்கை எதுவானாலும் அடிப்படை ஒன்று: பந்து கிடக்கும் இடத்திலிருந்தே அடிக்க வேண்டும், விதியை மீறினால் மீறியவரே தண்டனையைத் தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் உணர்வுக்கு ஏற்ப நேர்மையாக நடப்பது அங்கே அறிவுரை அல்ல, முதல் விதியின் ஒரு பிரிவு.

1925 யு.எஸ். ஓபனில் பாபி ஜோன்ஸ் அடிக்கத் தயாராகும்போது புல்லில் பந்து லேசாக அசைந்தது. வேறு யாரும் அதைக் காணவில்லை. ஜோன்ஸ் தன் மீதே ஓர் அடி தண்டனை விதித்துக்கொண்டார். போட்டி முடிவில் வில்லி மெக்ஃபர்லேனுடன் சமன். மறுநாள் நடந்த பிளே ஆஃபில் ஓர் அடியில் தோற்றார். அந்த ஓர் அடியைச் சொல்லாமல் விட்டிருந்தால் பிளே ஆஃபே நடந்திருக்காது. இதற்காகப் புகழ்ந்தவர்களை ஜோன்ஸ் விரும்பவில்லை. செய்யவேண்டியதைச் செய்ததற்குப் பாராட்டு எதற்கு என்பது அவர் எண்ணம். 2010இல் அமெரிக்காவின் ஹில்டன் ஹெட்டில் ஜிம் ஃப்யூரிக்குடன் பிளே ஆஃப் ஆடிய இங்கிலாந்துக்காரர் பிரையன் டேவிஸ், மட்டையைப் பின்னால் இழுக்கும்போது அது ஒரு காய்ந்த கோரைத் தண்டைத் தொட்டதாக உணர்ந்து, தானே அதிகாரியை அழைத்தார். கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. இரண்டு அடி தண்டனை, கோப்பை போனது. அதுவரை அவர் பி.ஜி.ஏ. டூரில் ஒரு பட்டமும் வென்றிராதவர்.

இதே கோல்ஃபில் விதியைச் சாதகமாகப் பயன்படுத்துவதும் தாராளமாக நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1999இல் ஃபீனிக்ஸ் ஓபனில் டைகர் வுட்ஸின் பந்துக்கு முன்னால் ஒரு பாறை கிடந்தது. தரையில் புதையாத கல் அகற்றக்கூடிய பொருள்தானா என்று அவர் அதிகாரியைக் கேட்டார். ஆம் என்றதும் பார்வையாளர்கள் பலர் சேர்ந்து அதைப் புரட்டித் தள்ளினார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அவர் எதையும் மறைக்கவில்லை, கேட்டுவிட்டுத்தான் செய்தார். விதியைத் தேடிப்பிடித்து உபயோகிக்கும் அதே ஆட்டம், யாரும் பார்க்காத இடத்தில் பொய் சொல்பவரை மன்னிப்பதில்லை. இரண்டும் முரண் அல்ல. ஆட்டக்காரரின் சொல்லை நம்பியே நடக்கும் ஆட்டத்தில், சொல் பொய்த்தால் விதிப்புத்தகம் முழுதும் வெறும் தாள்.

குளத்துப் படுகையிலும் அறுவடை முடிந்த காட்டிலும் நடக்கும் டென்னிஸ் பந்து ஆட்டம் இந்த விஷயத்தில் நத்தம் மைதானத்து டி.என்.பி.எல். ஆட்டத்தைவிடக் கோல்ஃபுக்கே பக்கம். மூன்றாவது அம்பயர் இல்லை, கேமரா இல்லை, ஸ்டம்ப் மைக் இல்லை. பேட்டிங் அணியின் ஆளே அம்பயராக நிற்கிறார். அவர் தன் அணி ஆட்டக்காரருக்கு அவுட் கொடுத்தால் பெஞ்சுக்குத் திரும்பியதும் ஏச்சு. கொடுக்காவிட்டால் எதிரணியோடு கைகலப்பு. மட்டையில் உரசிய பந்தின் சத்தம் கீப்பருக்கும் அடித்தவருக்கும் மட்டும்தான் கேட்கும். கேட்ச் பிடித்தபோது பந்து தரையைத் தொட்டதா என்பது பிடித்தவருக்கு மட்டும் தெரியும். சுண்ணாம்புக் கோட்டைக் கால் மிதித்ததா என்பது எல்லையில் நின்றவருக்கு மட்டும் தெரியும். மூன்று சூழலிலும் உண்மை ஓரிருவரிடம் மட்டுமே இருக்கிறது. ஜோன்ஸின் புல்லில் அசைந்த பந்தும் அப்படித்தான்.

தொலைக்காட்சியைப் பார்த்து வளர்ந்த இளைஞர்கள் இங்கே ஒரு தவறான பாடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். சர்வதேச ஆட்டத்தில் பலர் பந்து உரசினாலும் தாமாக வெளியேறுவதில்லை. அம்பயர் தீர்ப்புக்குக் காத்து நிற்கிறார்கள். அது அங்கே பொறுத்துக்கொள்ளப்படுகிறது, காரணம் அங்கே தீர்ப்பு சொல்ல நடுநிலை ஆட்களும் கருவிகளும் உண்டு. உண்மையைக் கண்டுபிடிக்கும் வேலை ஆட்டக்காரரிடமிருந்து அவர்களுக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. நடுவரே இல்லாத இடத்தில் அந்த வேலை ஆட்டக்காரரிடமே தங்கிவிடுகிறது. பெரிய ஆட்டக்காரர்களே நின்றார்களே என்று வேடசந்தூரில் சொல்வது இதனால்தான் செல்லாது.

இந்த மூன்றுக்கும் அப்பால் பெருந்தன்மை என்ற ஒன்றும் உண்டு. 1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்டில், கேட்ச் என்று அம்பயர் வெளியேற்றிய இங்கிலாந்தின் பாப் டெய்லரை இந்தியக் கேப்டன் ஜி.ஆர். விஸ்வநாத் திரும்ப அழைத்தார். பந்து மட்டையில் படவில்லை என்று அவர் நம்பினார். டெய்லரும் இயன் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள்; இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. 2011 ஜூலையில் நாட்டிங்காமில், பந்து எல்லைக்குப் போய்விட்டதாக நினைத்துத் தேநீருக்கு நடந்த இயன் பெல்லை ரன் அவுட் செய்த பிறகு, தோனி முறையீட்டைத் திரும்பப் பெற்றார். 137இல் இருந்த பெல் மறுபடி வந்து 159 வரை போனார். 1987 உலகக்கோப்பையில் லாகூரில் கோர்ட்னி வால்ஷ், முந்தி நகர்ந்த சலீம் ஜாஃபரை அவுட் செய்யாமல் விட்டார். கடைசிப் பந்தில் பாகிஸ்தான் ஜெயித்தது. மேற்கிந்தியத் தீவுகள் அரையிறுதிக்குப் போகவில்லை. மூவரும் மனமுவந்து கொடுத்தவர்கள். இந்த நிகழ்வுகளை எதிரணியிடம் காட்டி, நீயும் கொடு என்று கேட்பது முறையல்ல. வால்ஷ் விட்டார் என்பதால் தீப்தி விட்டிருக்க வேண்டும் என்ற வாதம், கொடையைக் கடனாக மாற்றிவிடுகிறது.

அவுட் ஆனவரின் நடத்தையையும் இங்கே பார்க்க வேண்டும். 2022 ஜூனில் திருநெல்வேலியில் டி.என்.பி.எல். முதல் ஆட்டத்தில் நெல்லையின் பாபா அபராஜித், முந்தி நகர்ந்த நாராயண் ஜெகதீசனை ரன் அவுட் செய்தார். வெளியேறும்போது ஜெகதீசன் எதிரணியை நோக்கித் தகாத சைகை காட்டினார். பிறகு பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார். தன் கோபத்துக்கு விதியைக் காரணம் காட்டவில்லை. கேட்ட மன்னிப்பு முழுமையானது. ஊர் மைதானங்களில் சைகையோடு நிற்காமல் ஸ்டம்பு பிடுங்கப்படுகிறது. முந்தி நகர்ந்ததும் தானே என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

போட்டி நடத்தும் குழுக்கள் செய்யக்கூடியவை பல, அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவில்லை. விதிகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, டாஸுக்கு முன் இரு கேப்டன்களும் படித்துக் கையெழுத்திட வேண்டும். முந்தும் ரன்னர் அவுட்டா, முதலில் ஒரு எச்சரிக்கையா என்பதை அந்தப் பக்கத்திலேயே முடிவு செய்துவிட்டால், அதைச் செய்யும் பந்துவீச்சாளரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. அம்பயர்கள் ஆடும் இரு அணிகளிலிருந்தும் வரக்கூடாது. அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் அணியிலிருந்து இருவரை நிறுத்துவது எளிது. கேட்ச்சிலும் எல்லையிலும் சந்தேகம் வந்தால் பக்கத்தில் நின்ற ஃபீல்டரின் சொல்லே தீர்ப்பு என்று எழுதிவிட வேண்டும். அந்தச் சொல் பொய் என்று பிறகு நிரூபணமானால் ஆட்டக்காரருக்கு அந்தப் போட்டியிலிருந்தே நீக்கம். ஓவருக்கு இத்தனை நிமிடம் என்று வரம்பு வைத்து, தாண்டினால் எதிரணிக்கு ரன் சேர்க்கலாம். அபராத ரன் என்பது கிரிக்கெட் சட்டத்திலேயே உள்ளது. பந்து தொலைந்தால் எவ்வளவு நேரம் தேடுவது, அதன்பின் அதே தேய்மானத்தில் உள்ள மாற்றுப் பந்து யாரிடம் இருக்கும் என்பதும் எழுத்தில் வர வேண்டும். வெளிச்சம் போய் ஆட்டம் நின்றால் முன்னிலையில் இருப்பவருக்கு ஜெயம் என்ற வழக்கத்தை விட்டுவிட்டு, நின்ற இடத்திலிருந்தே மறுநாள் காலை தொடரலாம். அணிப் பட்டியலை முதல் ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் ஒட்டினால், உள்ளூர் பெயரில் வரும் வெளியூர்க்காரரை ஊராரே கண்டுகொள்வார்கள். விதிப் பக்கத்தில் இல்லாத சிக்கல் வந்தால், இரு அணியும் சாராத மூவர் அன்றே தீர்ப்புச் சொல்லி, அந்தத் தீர்ப்பை அடுத்த ஆண்டின் பக்கத்தில் ஒரு புதிய வரியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.